ஹெட்லிக்கு ஒரு வரி

கோடையில் எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் வாங்கிப்போகும் தேநீர்க் கோப்பைகளில் ஒரே ஒரு சொல் அச்சடித்திருக்கும். ட்ரெக்லி. அதற்குக் கீழே தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு படகில் தூங்குகிற ஒருவனின் படம். கார்ன்வால்காரன் சோம்பேறி, எதைக் கேட்டாலும் ட்ரெக்லி என்பான், அதற்கப்புறம் அந்த வேலை இந்த ஜென்மத்தில் நடக்காது. இதுதான் அதிலுள்ள வேடிக்கை. அந்தக் கோப்பையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சொல் ஒன்றும் புதிதல்ல. ஆங்கிலத்தின் டைரக்ட்லிதான் எங்கள் வாயில் தேய்ந்து ட்ரெக்லி ஆனது. பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில் அதற்கு நாலைந்து வேலை உண்டு. டைரக்ட்லி வீட்டுக்குப் போ என்றால் வழியில் எங்கும் நிற்காமல் போ. முட்டையைப் பண்ணைக்காரரிடமே டைரக்ட்லி வாங்கினால் நடுவில் தரகர் இல்லை. தலைமை ஆசிரியை டைரக்ட்லி என் அறைக்கு வா என்றால் இந்த நிமிஷமே. டைரக்ட்லி அவர் வந்தார், சாப்பிட உட்கார்ந்தோம் என்று பழைய கடிதங்களில் எழுதியிருப்பார்கள். வந்த கையோடு என்று அர்த்தம். எங்களுடையது இதில் எதுவும் இல்லை. செய்வேன், கட்டாயம் செய்வேன், எத்தனை மணிக்கு என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது. அவ்வளவுதான். சுரங்கத்தையும் கடலையும் நம்பிப் பிழைக்கிறவன் வேறெப்படிப் பேசுவான்?

எட்டு வயதில் வகுப்பில் இதைச் சொன்னதற்காக மிஸ் ஆல்டர்சன் என்னைச் 'சீக்கிரம்' என்பதற்கான நல்ல ஆங்கிலச் சொல்லை நூறு முறை எழுத வைத்தார். நானும் நன்றாகவே கற்றுக்கொண்டேன். அதனால்தான் போர்த்வெலன் வார இதழில் பிறப்பு, கல்யாணம், சாவு அறிவிப்புகளை வாங்கித் திருத்தும் மேஜையில் இருபத்திரண்டு வருஷம் உட்கார முடிந்தது. பெரில் கர்னோ என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். எங்கள் ஜனங்கள் எழுதிக் கொண்டுவருவதை ஊர் சிரிக்காத ஆங்கிலமாக மாற்றுவதுதான் என் வேலை. அதைப் பெரிய உதவி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

1983 வசந்தத்தில், கார்ன்வாலை மற்ற இங்கிலாந்திலிருந்து பிரிக்கும் டேமர் ஆற்றுக்கு அப்பாலிருந்து ஒரு வேண்டுகோள் எங்கள் இதழுக்கு வந்தது. அங்கே ஒரு பெரிய அகராதியின் புதிய தொகுதி தயாராகிறதாம். எங்கள் பக்கத்துச் சொற்கள் சிலவற்றுக்கு அவர்கள் எழுதிவைத்திருந்த விளக்கங்களைப் போட்டு, வாசகர்கள் கருத்து அனுப்பலாம் என்றிருந்தார்கள். அதில் இதுவும் இருந்தது. 'ட்ரெக்லி: நகைச்சுவை வழக்கு. கார்ன்வால்காரர்களின் சோம்பலைக் குறிப்பது. ஒருபோதும் வராத காலம்.' நான் அதைப் படித்தேன், காற்புள்ளி சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன், அச்சுக்கு அனுப்பினேன். எனக்கு உறைக்கவே இல்லை.

உறைத்தது ஹெட்லி நான்காரோவுக்கு. வெள்ளீயச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தை முப்பத்தொரு வருஷம் பார்த்துக்கொண்டவர். கல்தூசி நுரையீரலைத் தின்றுவிட்டது. படுக்கையில் கிடந்தபடி இதழை வரி விடாமல் படிப்பாராம். அதைப் பிற்பாடு எனக்குச் சொன்னது அவர் மனைவி தர்ஸா.

"தினம் காலைல கிளம்பறப்ப, எப்போ வருவீங்கன்னு கேப்பேன். ட்ரெக்லின்னுட்டுப் போவாரு. தண்ணி ஏறினா ஆறு மணிக்கு வருவாரா, விடிஞ்சு வருவாரா, யாருக்குத் தெரியும்? தண்ணி கடிகாரம் பாத்தா ஏறுது? ஆனா வந்துடுவாரு. முப்பத்தொரு வருஷத்துல ஒரு நாள் வராம இருந்ததில்ல. அந்த மனுஷன் அந்தப் பேப்பரைக் காட்டி, 'தர்ஸா, நான் ஒருநாளும் வீட்டுக்கு வரலயா?'ன்னு கேட்டாரு. மூச்சு வாங்கிக்கிட்டு கேட்டாரு. மாத்த வைக்கிறேன்னு சத்தியம் பண்ணினேன்."

தர்ஸா அகராதிக்குக் கடிதம் எழுதினார். டாக்டர் லெட்பெட்டர் என்ற துணை ஆசிரியர் மரியாதையாகவே பதில் போட்டார். அகராதியின் விதி ஒன்று உண்டு. வாயால் பேசியது செல்லாது, அச்சில் வந்தால்தான் சாட்சி. ட்ரெக்லிக்கு அவர்களிடம் பதினோரு அச்சு உதாரணங்கள் இருந்தன; பதினொன்றுமே வேடிக்கைப் பொருளில். வேடிக்கை இல்லாத ஓர் உதாரணம் அச்சில் இருந்தால் ஜூன் முடிவதற்குள் அனுப்புங்கள், கண்டிப்பாகப் பரிசீலிக்கிறோம்.

பதினொன்றும் யார் எழுதியவை தெரியுமா? கோடைக்கு வந்து தங்கள் வீட்டுக் குழாயை எங்கள் ஆளை வைத்துச் சரிசெய்துகொண்டு, ஊருக்குத் திரும்பிப்போய் அவனைப் பற்றிப் புத்தகம் போட்டவர்கள். நாங்கள் பேசினோம், அவர்கள் அச்சடித்தார்கள். எங்களில் எவனாவது அச்சுக்கு ஏதாவது கொண்டுவந்தால் வாசலிலேயே சிவப்புப் பென்சிலோடு நான் உட்கார்ந்திருந்தேன். சாட்சி எங்கிருந்து வரும்?

ஜூன் முதல் வாரத்தில் ஹெட்லி இறந்தார். செவ்வாய்க்கிழமை தர்ஸா என் மேஜைக்கு வந்து அறிவிப்பை நீட்டினார். கறுப்புக் கோட்டு, கையுறை, கண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. பெயர், வயது, சுரங்கம், தேவாலயத்தில் எத்தனை மணிக்கு என்பதெல்லாம் ஒழுங்காக எழுதி, கடைசியில் ஒரு வரி: 'ஹெட்லி, நான் ட்ரெக்லி வந்துடறேன். தர்ஸா.'

அவர் செய்த சத்தியமோ அகராதிக்கு எழுதிய கடிதமோ எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: பாவம், துக்கத்தில் என்ன எழுதுகிறோம் என்றே தெரியாமல் எழுதிவிட்டார், சாவு அறிவிப்பில் போய் வேடிக்கைச் சொல்லா, வெளியூர்க்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்களே. அவர் தலை மறைந்ததும் பென்சிலை எடுத்தேன். மிஸ் ஆல்டர்சன் சொல்லிக்கொடுத்த சொல்லை வைத்தேன். வியாழக்கிழமை இதழில் இப்படி வந்தது: 'ஹெட்லி, நான் சீக்கிரமே வந்துவிடுகிறேன். தர்ஸா.'

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கதவு படாரென்று திறந்தது.

"எவ அது? என் வரில கை வச்சவ எவ?"

"மிசஸ் நான்காரோ, உக்காருங்க, ஒரு டீ..."

"டீயா? டீக்கு எங்கடி போவேன்? என் வீட்டு கேஸை அணைச்சு வச்சுட்டாங்க! நேத்து மத்தியானம் டாக்டர் ராஷ்லீ வந்தாரு, எதுக்குனு கேட்டா சும்மா பாக்க வந்தேங்கறாரு. போறப்ப என் தூக்க மாத்திரை பாட்டிலைப் பையில போட்டுக்கிட்டுப் போறாரு. பாதிரியார் வந்து, கடவுள் குடுத்த உயிரை நாமளா எடுக்கக் கூடாதுன்னு முக்கா மணி நேரம் பேசறாரு. பக்கத்து வீட்டு கிளாரிஸ் ராத்திரி என்னோட படுத்துக்கறாளாம். ரொட்டி வெட்டற கத்தியைக் காணோம்! புருஷனை நாளைக்குப் புதைக்கணும், வர்றவங்களுக்குக் குங்குமப்பூ பன் வெட்ட வீட்ல ஒரு கத்தி இல்ல!"

இதழைப் பிரித்து என் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"சீக்கிரமே வர்றேன்னு நான் எப்போ எழுதினேன்? எனக்கென்ன சாக அவசரமா? சாகறது என் இஷ்டமா? போறப்ப போவேன். போவேன்னு அவருக்குத் தெரியணும், அவ்வளவுதான். அதுக்கு ஒரு சொல்தான் இருக்கு எங்கிட்ட. அவர் சொல்லு. அதை எடுத்துட்டியே!"

"நல்ல இங்கிலீஷ்ல இருந்தா மதிப்பா இருக்குமேன்னு..."

"உங்கப்பா கடலுக்குப் போறப்ப என்னடி சொல்லிட்டுப் போவாரு?"

என் அப்பா கானாங்கெளுத்தி பிடிக்கப் போகிறவர். வாசலில் பூட்ஸை மாட்டிக்கொண்டு அவர் சொன்னதும் அதே சொல்தான். எட்டு வயதுக்கு அப்புறம் அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அவமானமாக இருக்கும். எங்கள் ஊர்க்காரியைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். லண்டன்காரி ஒருத்தி அந்த மேஜையில் இருந்திருந்தால் புரியாமல் அப்படியே அச்சுக்கு அனுப்பியிருப்பாள்.

தர்ஸா அப்போதுதான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ஹெட்லி கேட்ட கேள்வி, சத்தியம், அகராதிக் கடிதம், ஜூன் முடிவு.

"அப்ப அகராதிக்காகத்தான் அந்த வரியை எழுதினீங்களா?" என்று கேட்டேன்.

"அவருக்காகத்தான் எழுதினேன். அதே வரி அகராதிக்கும் ஆகும்னா வேண்டாம்னு சொல்வேனா? நீ கெடுத்தது ரெண்டையும்."

ஆசிரியர் அறைக்கு அவரை அழைத்துப்போனேன். மிஸ்டர் விட்கோம் லண்டன் பக்கத்துச் சர்ரேயிலிருந்து வந்தவர். பதினான்கு வருஷம் எங்கள் ஊரில் இருந்தும் மழை வந்தால் 'உங்க ஊர் மழை' என்பார். தர்ஸாவுக்கு நாற்காலி போட்டார், அனுதாபம் சொன்னார். பிழைதிருத்தம் மட்டும் போட முடியாது என்றார். தேதி தப்பு, பெயர் தப்பு என்றால் போடலாம். நல்ல ஆங்கிலத்தைக் கெட்ட ஆங்கிலமாகத் திருத்திப் போட்டால் இதழுக்கு என்ன மரியாதை?

"இந்த இதழ்ல வட்டார பாஷைக்குன்னு ஒரு இடம் இருக்கே, மிசஸ் நான்காரோ," என்றார் முகம் மலர்ந்து. "ஜேக்கோ மாமா பக்கம்! கடைசிப் பக்கத்துல. அங்க வேணும்னா உங்க வரியைப் பெட்டி கட்டிப் போடறேன். ஜனங்க ரொம்ப ரசிப்பாங்க."

ஜேக்கோ மாமா என்பது விட்கோமே புனைபெயரில் எழுதுகிற சிரிப்புப் பத்தி. ஒரு கார்ன்வால் கிழவன் இறைச்சி அடைத்த பாஸ்டியைத் தின்றுகொண்டு உளறுவான். தர்ஸா கையுறையை ஒவ்வொரு விரலாக மாட்டிக்கொண்டார்.

"என் புருஷன் செத்தது உங்களுக்குச் சிரிப்புப் பக்கமா?" என்று மட்டும் கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை.

மறுநாள் ஹெட்லியை அடக்கம் செய்தார்கள். நான் போயிருந்தேன். ஒருவரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. கிளாரிஸ் மட்டும் பன் தட்டை நீட்டும்போது, "பாத்து, பெரில், திருத்திடப் போற," என்றாள். எடுத்த பன்னைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன். அன்று முழுக்க எனக்கு வந்த கோபத்தில் பாதி விட்கோம் மேல், பாதி என் மேல். ஞாயிறு முடியும்போது பிரித்துப் பார்க்க முடியாதபடி இரண்டும் ஒன்றாகிவிட்டன.

எங்கள் இதழில் எழுத்து வரிகளைத் தாளில் எடுத்து, துண்டு துண்டாக வெட்டி, அட்டையில் ஒட்டித்தான் பக்கம் கட்டுவார்கள். புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு விட்கோம் ஒவ்வொரு அட்டையிலும் கையெழுத்துப் போடுவார். நாலரைக்கு அட்டைகள் அச்சகத்துக்குப் போகும். அந்த அரைமணி நேரத்தில் அறிவிப்புப் பக்கம் என் மேஜையில் இருக்கும், ஏதாவது ஓரம் பெயர்ந்திருந்தால் ஒட்டுவதற்காக. ஜூன் கடைசிப் புதன் அது. எழுத்துக் கோக்கும் டென்ஸிலிடம் ஒரு தாளைக் கொடுத்தேன்.

"ஆசிரியர் பாத்துட்டாரா?" என்றார் டென்ஸில்.

"இல்ல."

படித்தார். டென்ஸிலின் அண்ணனும் அதே சுரங்கம்தான். "கறுப்புக் கட்டம் கட்டணுமா?" என்றார்.

"நல்லாப் பட்டையாக் கட்டுங்க."

பழைய சைக்கிள் விற்பனைக்கு என்ற விளம்பரத்தைக் கத்தியால் பெயர்த்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒட்டினேன். 'பிழைதிருத்தம். ஹெட்லி நான்காரோவின் மரண அறிவிப்பில் அவர் மனைவி எழுதிய வரியை இந்த அலுவலகம் அவரைக் கேட்காமல் மாற்றிவிட்டது. அவர் எழுதியது: ஹெட்லி, நான் ட்ரெக்லி வந்துடறேன். தர்ஸா.'

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு விட்கோம் என்னைக் கூப்பிட்டார். முகம் வேகவைத்த நண்டு மாதிரி இருந்தது.

"இது யார் வேலை?"

"என் வேலை."

"என் கையெழுத்துக்கு அப்புறம் என் பக்கத்துல கை வச்சிருக்க!"

"அந்தம்மா கையெழுத்துக்கு அப்புறம் அவங்க வரில நான் கை வச்சேனே, அப்போ நீங்க ஒண்ணும் சொல்லலயே?"

"இது ஒரு பத்திரிகை, பெரில். கண்ட பேச்சையும் போடறதுக்கு இல்ல."

"கண்ட பேச்சா? வாராவாரம் கடைசிப் பக்கத்துல அந்தப் பேச்சை வச்சுத்தானே வயித்தைக் கழுவறீங்க! சிரிக்கறதுக்குன்னா அச்சுல ஏறும், அழறதுக்குன்னா ஏறாதா?"

நடுப்பகலுக்குள் என் சாமான்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். எந்தச் சாமானும் பெரிதாக இல்லை. சிவப்புப் பென்சில் இதழின் சொத்து. அதையும் எடுத்துக்கொண்டேன்.

தர்ஸா அன்றைக்கே அந்தத் துண்டை வெட்டி, இதழின் பெயரும் தேதியும் தெரிகிறபடி முழுப் பக்கத்தையும் சேர்த்து அகராதிக்கு அனுப்பினார். டாக்டர் லெட்பெட்டரிடமிருந்து பதில் வந்தது. மிக்க நன்றி, அருமையான சான்று, கட்டாயம் பயன்படுத்திக்கொள்கிறோம். தர்ஸா அந்தக் கடிதத்தை ஹெட்லியின் படத்துக்குப் பின்னால் செருகிவைத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் என்னை டீக்குக் கூப்பிடுவார். நான் அதற்குள் மீன் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதப் போயிருந்தேன். என் கை மீன்நாற்றம் பற்றி அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

மூன்று வருஷம் கழித்து அந்தத் தொகுதி எங்கள் ஊர் நூலகத்துக்கு வந்தது. இருவரும் போனோம். தர்ஸா தேவாலயத்துக்குப் போடுகிற தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தார். புத்தகம் அவ்வளவு கனம், நான்தான் தூக்கி மேஜையில் வைத்தேன். டைரக்ட்லி ஒன்றரைப் பக்கத்துக்கு இருந்தது. நேராக. இடையில் யாருமின்றி. உடனே. சற்று நேரத்தில். வந்த கையோடு. ஒவ்வொன்றுக்கும் நானூறு வருஷத்துச் சாட்சிகள். கடைசியில் குட்டி எழுத்தில் எங்களுடையது.

'ட்ரெக்லி: நகைச்சுவை வழக்கு. கார்ன்வால்காரர்களின் சோம்பலைக் குறிப்பது. ஒருபோதும் வராத காலம்.'

ஒரு எழுத்து மாறவில்லை. அதற்குக் கீழே பன்னிரண்டாவது உதாரணமாக, தேதியோடு: 'ஹெட்லி, நான் ட்ரெக்லி வந்துடறேன். தர்ஸா.'

தர்ஸா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். வேறெங்காவது இருக்குமோ என்று அடுத்த பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். அப்புறம் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் அவர்கிட்ட ஒருநாளும் போகமாட்டேன்னு போட்டிருக்கான், பெரில்," என்றார். சத்தம் வரவே இல்லை. என் ஆபீஸ் கதவை உடைத்துக்கொண்டு வந்த அந்த மனுஷியா இப்படிப் பேசுவது! "என் கையெழுத்து போட்டு நானே சொன்ன மாதிரி போட்டிருக்கான்."

நான் கைப்பையைத் திறந்தேன்.

"என்ன பண்ற? ஏய், பொதுப் புத்தகம்! கிறுக்காதே!"

"இருபத்திரண்டு வருஷம் உங்க எல்லார் வாயிலயும் கிறுக்கினேன். அப்போ எவனும் தடுக்கல."

'நகைச்சுவை வழக்கு' என்பதை அடித்தேன். சோம்பலை அடித்தேன். ஒருபோதும் வராத காலத்தைத் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி அடித்தேன். ஓரத்தில், அறிவிப்புப் படிவங்களில் எழுதும் அதே குண்டு எழுத்தில் எழுதினேன்: 'கட்டாயம். நேரம் மட்டும் சொல்வதற்கில்லை.'

நிமிர்ந்தால் நூலகர் பாஸ்கோ பக்கத்தில் நிற்கிறார். ஓரம் மடித்த புத்தகத்துக்கே ஆளைக் கூப்பிட்டுத் திட்டுகிறவர். சிவப்புக் கோடுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குனிந்து பன்னிரண்டாவது உதாரணத்தைப் படித்தார். தர்ஸாவின் தொப்பியைப் பார்த்தார்.

"இது குற்றம், மிஸ் கர்னோ. மாவட்டத் தலைமை நூலகத்துக்கு நான் புகார் எழுதியாகணும்."

"எழுதுங்க."

"எழுதத்தான் போறேன்," என்றார் பாஸ்கோ. புத்தகத்தை மூடி, தூசியைக் கையால் தட்டி, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார். "ட்ரெக்லி எழுதறேன்."

தர்ஸா சிரித்துவிட்டார். ஹெட்லி போனபிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது. நூலகத்தில் சத்தம் போடக்கூடாது என்று பாஸ்கோ விரலை உதட்டில் வைத்தார்.

அதற்குப் பிறகு தர்ஸா ஒன்பது வருஷம் இருந்தார். கத்தி, கேஸ், மாத்திரை எதுவும் வேண்டியிருக்கவில்லை. போன நவம்பரில் ஒரு திங்கட்கிழமை, துணி காயப்போட்டுவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அறிவிப்பை நான்தான் எழுதி இதழ் அலுவலகத்துக்கு எடுத்துப்போனேன். என் பழைய மேஜையில் ஒரு சின்னப் பெண் இருந்தாள், எங்கள் ஊர்ப் பெண்தான். கடைசி வரியில் அவள் பேனா நின்றது. 'ஹெட்லி, தர்ஸா வந்துவிட்டார்.'

"இது ஒரு மாதிரியா இருக்கே, மேடம். கொஞ்சம் மாத்திக்கலாமா?"

"பேனாவைக் கீழ வை," என்றேன்.